அரிக்கன் சட்டியும் வெள்ளீயமும்: கறுத்த மணி எப்படிப் பிரிகிறது?

அரிக்கன் சட்டியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வரிவரியாக மேடும் பள்ளமும் தட்டுப்படும். குயவர் அதை அழகுக்காகப் போடவில்லை. நாட்டரிசியைச் சுளகில் எவ்வளவு புடைத்தாலும், அரிசியளவே உள்ள கல் மிஞ்சிவிடும். அதைப் பிடிக்கத்தான் அந்த வரிகள். அரிசியைச் சட்டியில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, சட்டியைச் சற்றே சரித்து, இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டே பக்கத்துப் பானைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். அரிசி தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு போகும். கல் வரியில் மாட்டி நின்றுவிடும். கடைசியில் சட்டியின் அடியில் ஒரு சிட்டிகை மணலும் குறுணிக்கல்லும் மட்டும் கிடக்கும்.

கல் பொறுக்கிய அரிசி பையில் வரத் தொடங்கிய பிறகு, மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் இந்தச் சட்டிக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் அது செய்த வேலை உலகத்தில் இன்னும் நடக்கிறது. மலாயா, பர்மா, பங்கா தீவு என்று கிழக்கே நீளும் நிலத்திலிருந்து வந்த வெள்ளீயத்தின் பெரும்பகுதி இப்படித்தான் மண்ணிலிருந்து பிரிந்து வந்தது. பாத்திரமும் அளவும் வேறு, விதி ஒன்றுதான்.

அந்த விதியைக் கணக்கில் பார்த்துவிடுவோம். ஒரு கன சென்ரிமீற்றர் அரிசி ஏறத்தாழ 1.45 கிராம். அதே அளவு கல், அதாவது குவார்ட்ஸ், 2.65 கிராம். காற்றில் வைத்துப் பார்த்தால் கல் அரிசியைவிட 1.8 மடங்குதான் கனம். தண்ணீருக்குள் போனதும் கதை மாறிவிடும். மூழ்கிய பொருளைத் தண்ணீர் தாங்குகிறது. ஒவ்வொரு கன சென்ரிமீற்றருக்கும் ஒரு கிராம் பாரத்தைக் குறைக்கிறது. அரிசிக்கு மிஞ்சுவது 0.45, கல்லுக்கு மிஞ்சுவது 1.65. இப்போது கல் ஏறத்தாழ 3.7 மடங்கு கனம். தண்ணீர் இரண்டையும் ஒரே அளவு தாங்கினாலும், இலேசானதற்கே அது பெரிய உதவி. ஆகவே அரிசி மிதக்கத் தயாராகிவிடுகிறது, கல் அடியைத் தேடுகிறது.

இனி அரிசி இருந்த இடத்தில் ஆற்று மணலை வையுங்கள், கல் இருந்த இடத்தில் வெள்ளீயத் தாதுவை வையுங்கள். மணல் 2.65; தாது ஏறத்தாழ 7. தண்ணீருக்குள் 1.65க்கு 6. விகிதம் 3.6. அரிசிக்கும் கல்லுக்கும் இருந்த அதே விகிதம்! சுரங்கப் பொறியியலில் இந்த விகிதம் 2.5ஐத் தாண்டினால், தண்ணீரையும் ஆட்டத்தையும் மட்டும் வைத்தே பொடி மணலைக்கூடப் பிரித்துவிடலாம் என்பது பொதுக் கணக்கு. அரிக்கன் சட்டியில் கை பழகிய ஒரு பெண் வெள்ளீய மண்ணை முதல் நாளே அரித்துவிடுவாள் என்று நான் நம்புகிறேன். அவள் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: வழிந்து போவதை விட்டுவிட்டு, அடியில் நிற்பதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடியில் நிற்கும் அந்தத் தாதுவின் பெயர் கசிட்டரைட். ஒரு பங்கு வெள்ளீயமும் இரண்டு பங்கு ஒட்சிசனும் சேர்ந்த ஒட்சைட்டு. எடையில் 78.8 சதவீதம் வெள்ளீயம். கலப்பில்லாமல் இருந்தால் நிறமற்றுத் தெளிவாக இருக்கும். இரும்பு கொஞ்சம் புகுந்துவிடுவதால் பெரும்பாலும் பழுப்பாகவோ கறுப்பாகவோ கிடைக்கிறது. கையில் எடுத்தால், கண் எதிர்பார்த்ததைவிடக் கனக்கும். கறுப்பு மணிகள் பல இருக்கின்றன. இதை எப்படி அடையாளம் காண்பது? மெருகு ஏறாத பீங்கானில், தேநீர்க் கோப்பையின் அடிவிளிம்பு போன்ற இடத்தில், அழுத்தி ஒரு கோடு இழுக்க வேண்டும். நமது கரையில் கிடைக்கும் இல்மனைட் என்ற கறுப்பு மணி கறுப்புக் கோடு போடும். கசிட்டரைட் அவ்வளவு கறுப்பாக இருந்தும் அதன் தூள் ஏறக்குறைய வெள்ளை.

இன்னும் உறுதி வேண்டுமானால் நாகத் தகட்டுச் சோதனை உண்டு. நாகத் தகட்டின் மேல் சில மணிகளைப் போட்டு, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தை அவை மூழ்க விடுவார்கள். குமிழ்கள் கிளம்பும். சில நிமிடத்தில் கறுப்பு மணியின் மேல் சாம்பல் நிற உலோகப் படலம் ஏறிவிடும். கழுவித் துணியில் தேய்த்தால் அது வெள்ளீயமாகப் பளபளக்கும். தாதுவின் மேற்பரப்பே கண்முன் உலோகமாகத் திரும்பும் இந்தச் சோதனையைப் பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் காட்டினால், எத்தனை பிள்ளைகள் இரசாயனத்தை விரும்பத் தொடங்குவார்கள்!

கசிட்டரைட் ஒரே உருவில் வருவதில்லை. பாறை நாளங்களுக்குள் வளர்ந்தது குட்டையான நாற்பக்கப் பளிங்காக இருக்கும். இரண்டு பளிங்குகள் மடங்கிய முழங்கை வடிவில் ஒட்டி வளர்வது இதன் தனி அடையாளம். ஊசி ஊசியாக வளர்வதும் உண்டு. நிலத்தின் மேற்பகுதியில், குறைந்த வெப்பத்தில் படிந்தது வேறு மாதிரி. பழுப்பும் வெளிர்மஞ்சளுமாக மெல்லிய படைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி ஏறியிருக்கும். வெட்டினால் மரத்தின் குறுக்குவெட்டில் தெரியும் வளையங்களே தெரியும். அதனால் மரவெள்ளீயம் என்கிறார்கள். அதுவே பட்டாணியளவு உருண்டைகளாக வந்தால் தேரைக்கண் வெள்ளீயம். ஆற்றில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்கள் ஓடை வெள்ளீயம். நாம் பேசிக்கொண்டிருப்பது இந்த ஓடை வகையைத்தான். தெளிந்த பழுப்புக் கசிட்டரைட்டைப் பட்டை தீட்டி மோதிரக் கல்லாகவும் வைப்பதுண்டு. ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் ஆற்றலில் அது வைரத்தையும் மிஞ்சும். ஆனால் நல்ல தெளிவான கல் கிடைப்பது அரிது.

பாறைக்குள் இருக்கும் தாது ஓடைக்கு எப்படி வருகிறது? கருங்கல் குழம்பு நிலத்துக்கடியில் ஆறி இறுகும்போது, வெள்ளீயம் எளிதில் எந்தக் கனிமத்துக்குள்ளும் அடங்காது. கடைசிவரை மிஞ்சும் திரவத்தில் சேர்ந்துகொண்டே போய், குன்றின் உச்சிப் பகுதியில் நாளங்களாகப் படிகிறது. பிறகு மழையும் வெயிலும் அந்தப் பாறையை உக்க வைக்கின்றன. பெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும், கறுப்பு மைக்கா அழிந்துவிடும். கசிட்டரைட் மட்டும் அமிலத்துக்கும் அசையாது, எளிதில் தேயவும் தேயாது. வெள்ளம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு இறங்கும்போது இலேசானது கடல்வரை போகும். கசிட்டரைட்டோ மலையடிவாரத்தைத் தாண்டிச் சில கிலோமீற்றருக்குள்ளேயே ஆற்றுப் படுக்கையின் பள்ளங்களில் மாட்டி நின்றுவிடும். படுக்கையின் கல் வரிகள்தான் அங்கே சட்டியின் வரிகள். மனிதர் அரிப்பதற்கு முன்பே ஆறு இலட்சக்கணக்கான ஆண்டுகள் அரித்து வைத்திருக்கிறது.

மலாயாவின் கிந்தா பள்ளத்தாக்கில் இந்தப் படிவுகள் ஆழமும் செழிப்பும் கொண்டவை. அங்கே பெண்கள் டூலாங் என்ற அகன்ற மரத்தட்டோடு இடுப்பளவு நீரில் நின்று அரித்தார்கள். தட்டில் வரிகள் இல்லை. வட்டமாகச் சுழற்றும் கைதான் அந்த வேலையைச் செய்தது. அவர்களில் பெரும்பாலோர் சீனப் பெண்கள். அனுமதிச் சீட்டு வாங்கி, சுரங்கங்கள் விட்ட கழிவையும் ஆற்று மண்ணையும் அரித்து, குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். பெரிய சுரங்கங்களில் பாலோங் என்ற நீண்ட மரவாய்க்கால் இருந்தது. உயரமான மரச்சாரத்தின் மேல் சரிவாகக் கட்டி, சேற்றுநீரை மேலே பம்ப் செய்து விடுவார்கள். வாய்க்காலின் குறுக்கே இடைவெளி விட்டு மரச்சட்டங்கள். மணல் தாண்டிப் போகும்; தாது சட்டத்தின் பின்னால் தங்கும். அரிக்கன் சட்டியை நீட்டி நிமிர்த்தினால் பாலோங். பிறகு மிதக்கும் வாரிக் கப்பல்கள் வந்தன. 1938இல் கட்டிய தஞ்சோங் துவாலாங் 5ஆம் இலக்க வாரி ஏறத்தாழ 4,500 தொன் எடை, 1982வரை உழைத்தது. பெராக் மாநிலத்தில் இன்றும் பார்வைக்கு நிற்கிறது. அதற்குள்ளும் நடந்தது இதே ஆட்டம்தான்: வாளிச் சங்கிலி அள்ளிய மண்ணைச் சல்லடையில் விட்டு, துடிக்கும் நீர்த்தொட்டிகளில் கனமானதை அடியில் இறக்குவது.

இந்தக் கதையில் இலங்கையர் கையும் உண்டு. மலாயாவின் முதல் புகையிரதப் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு 1885இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 13 கிலோமீற்றர். வெள்ளீயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகவே அது போடப்பட்டது. போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைத்த பயனியர் படையினர். அதற்குப் பின்னால் மலாயாப் புகையிரதத்தில் எழுதுவினைஞர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் போன யாழ்ப்பாணத் தமிழர் பலர். இந்தக் கதை முடிந்ததும் வெள்ளீய விலையால்தான்: விலையைத் தாங்கிப்பிடித்து வந்த சர்வதேச வெள்ளீயச் சபை 1985 ஒக்டோபர் 24ஆம் திகதி இனி முடியாது என்று கைவிரித்தபோது, கிந்தா பள்ளத்தாக்குச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின.

இனி நம் கரைக்கு வருவோம். மாரியில் வாடைக்காற்று அலையை உயர்த்தி அடித்து ஓய்ந்த பிறகு, கிழக்குக் கடற்கரையில் கறுப்புப் படை படர்ந்து கிடப்பதைக் காணலாம். வாவியின் முகத்துவாரம் திறந்து வெள்ளம் கடலுக்குப் பாய்ந்த காலத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஏறும் அலை எல்லா மணலையும் கொண்டுவந்து போடுகிறது. இறங்கும் அலைக்கு வலு குறைவு, இலேசானதை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறது. வடக்கே புல்மோட்டையில் இது உச்சத்தில் நடக்கிறது. அங்கே கரைமணலில் ஏறத்தாழ 70 சதவீதம் இல்மனைட். கூடவே ரூட்டைல், சிர்க்கோன், சிறிதளவு மொனசைட்.

ஆனால் அந்தக் கறுப்பில் வெள்ளீயத்தைத் தேடாதீர்கள். இலங்கையில் வெள்ளீயச் சுரங்கம் எதுவும் இல்லை. கிழக்கிலங்கையின் அடிப்பாறை விஜயன் தொகுதி. நிலத்தின் நடு ஆழத்தில் வெந்து உருமாறிய நைஸ் பாறை. வெள்ளீயம் சேர்வது கருங்கற் குன்றின் உச்சியில் என்று சொன்னேன். இங்கே அப்படி ஏதும் இருந்திருந்தாலும், அந்த உயரமெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அரிபட்டுப் போய்விட்டது; நாம் நிற்பது ஆழப் பகுதியின் மேல். வங்காள விரிகுடாவுக்கு அப்பால் பர்மாவிலிருந்து பங்கா, பெலிதுங் தீவுகள் வரை ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர் நீளும் பட்டையில், வயது குறைந்த கருங்கற்கள் உச்சி கரையாமல் நிற்கின்றன. உலகம் இதுவரை தோண்டிய வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் அந்தப் பட்டையிலிருந்து வந்தது.

ஓர் உறவு மட்டும் உண்டு. புல்மோட்டை மணலில் இருக்கும் ரூட்டைலும் கசிட்டரைட்டும் ஒரே அணுக்கட்டு. டைட்டேனியம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளீயம் இருக்கிறது, அவ்வளவே. கிந்தாவில் வெள்ளீயத்தை எடுத்த பின் மிஞ்சும் கறுப்பு மண்ணுக்கு அமாங் என்று பெயர். அதில் இருப்பது இல்மனைட், சிர்க்கோன், மொனசைட். அதாவது அங்கே கழிவாகக் குவிந்தது இங்கே கனியவளம். இல்மனைட் அடர்த்தி 4.7தான், தண்ணீருக்குள் மணலோடு ஒப்பிட்டால் விகிதம் 2.2. சட்டியாட்டம் மட்டும் போதாது. கனத்தில் ஒன்றையொன்று நெருங்கிய இந்தக் கனிமங்களைத் தனித்தனியே பிரிக்க, கனிமணல் ஆலைகளில் சுருள் வாய்க்கால்களுக்குப் பிறகு காந்தமும் உயர் மின்னழுத்தமும் தேவைப்படுகின்றன.

அரித்தெடுத்த தாது உலோகமாவது உலையில். மரக்கரியோடு சேர்த்து 1,200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால், கரி ஒட்சிசனைப் பறித்துக்கொள்ளும். வெள்ளீயம் உருகி அடியில் சேரும். இரும்பை உருக்குவதோடு பார்த்தால் இது எளிது. உலோகமாகிவிட்ட பிறகு இன்னும் எளிது: வெறும் 232 பாகையில் உருகிவிடும். 13 பாகைக்குக் கீழே நெடுநாள் குளிரில் கிடந்தால் சாம்பல் தூளாக உதிரும் குணமும் இதற்கு உண்டு. மட்டக்களப்பு வெயிலில் அந்தப் பயம் இல்லை.

தனியே மென்மையான இந்த உலோகத்தைச் செம்போடு பத்துக்கு ஒன்று என்ற அளவில் கலந்தால் வெண்கலம். வெருகல் ஆற்றுக்கு வடக்கே, மூதூர்ப் பக்கத்துச் சேருவிலவில் செம்புத் தாது இருப்பது 1971இல் கண்டறியப்பட்டது. செம்பு காலடியில் இருந்தது. வெள்ளீயம் கடல் கடந்துதான் வர வேண்டியிருந்தது. ஆகவே இந்த மண்ணில் வார்த்த ஒவ்வொரு பழைய வெண்கலத்துக்குள்ளும் ஒரு கப்பற்பயணம் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், முசிறிப் பக்கத்துத் துறைகளில் இறங்கிய சரக்குகளில் வெள்ளீயத்தையும் சொல்கிறது. கிழக்குப் பக்கம் பார்த்தால், தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்வது. தகுவாபா வெள்ளீயம் விளைந்த கரை. தமிழ் வணிகர் அங்கே ஏன் குளம் வெட்டும் அளவுக்குத் தங்கினார்கள் என்பதற்கு அந்த மண்ணும் ஒரு காரணமாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்த தாரா தேவி வெண்கலச் சிலையை இங்கே சொல்லாமல் விட முடியாது. 143 சென்ரிமீற்றர் உயரம், உள்ளீடற்றதாக இல்லாமல் முழுக் கட்டியாக வார்த்தது, மேலே பொன்முலாம். காலம் ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டு. இலங்கையின் ஆளுநராக இருந்த றொபேர்ட் பிரவுன்றிக் 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்று இலண்டனில் நிற்கிறாள். நம் கரையின் வார்ப்புத் திறனை நம் பிள்ளைகள் படத்தில்தான் பார்க்கிறார்கள். அது எனக்கு ஆறாத வருத்தம்.

வெண்கலத்தில் வெள்ளீயத்தை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்த்தினால் உலோகத்துக்குக் குரல் வந்துவிடும். மணியும் தாளமும் இந்தக் கலவையில்தான். மட்டக்களப்புக் கூத்துக் களரியில் அண்ணாவியாரின் மத்தளத்தோடு ஒலிக்கும் சல்லாரிக்கு அந்த நீண்ட நாதத்தைக் கொடுப்பது வெள்ளீயம். கலவை உயர உயர உலோகம் நொறுங்கத் தொடங்கும். அதைச் சமாளிக்கச் செந்தணலில் வைத்தே அடித்து வடிவாக்கி, சூடு ஆறும் முன் தண்ணீரில் முக்கும் நுட்பத்தைத் தென்னிந்தியக் கன்னார் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தார்கள். ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் கிடைத்த மெல்லிய கிண்ணங்கள் அதற்குச் சாட்சி. கனியங்களுக்கும் வெண்கலத்துக்கும் நடுவே நின்ற ஒருவரையும் நினைக்க வேண்டும். ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைக்குத் தலைமை தாங்கியவர். ஆற்று மணலையும் மாணிக்கச் சரளையையும் ஆராய்ந்த அதே மனிதர்தான் பின்னால் பொலன்னறுவைச் சைவ வெண்கலங்களைப் பற்றி எழுதினார்.

இன்று தோண்டும் வெள்ளீயத்தில் ஏறத்தாழ பாதி மின்சுற்றுகளைப் பற்றவைக்கப் போகிறது. மீன் ரின்னின் உட்புறத்தில் மெல்லிய படலமாக இருப்பதும் அதுதான். கைப்பேசியின் தொடுதிரையில் ஒளியும் மின்சாரமும் ஒன்றாகக் கடக்கும் படலத்தில் இண்டியத்தோடு வெள்ளீய ஒட்சைட்டும் இருக்கிறது. கொங்கோவின் கிழக்கில் இதே தாதுவின் பணத்தால் ஆயுதக் குழுக்கள் பிழைத்தன. அதனால் 2010இல் அமெரிக்கா, தாது எங்கிருந்து வந்தது என்று நிறுவனங்கள் சொல்ல வேண்டும் எனச் சட்டம் போட்டது.

சமையலறையில் நம்மைத் தொடுவது ஈயம் பூசுவதுதான். கோயில் அன்னதானத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் இறங்கும் செப்புக் கிடாரத்தில் புளி விட்டால் களிம்பு ஏறும். அதைத் தடுக்க, கிடாரத்தை நன்றாகத் துலக்கி, அடியில் நெருப்பு மூட்டி, நவச்சாரத் தூளைத் தூவுவார்கள். வெள்ளைப் புகை கிளம்பும். நவச்சாரம் செம்பின் மேலிருக்கும் ஒட்சைட்டைக் கரைத்துவிட, வெள்ளீயக் கட்டியைத் தேய்த்த இடமெல்லாம் அது உருகி ஓடும். பஞ்சால் ஒரு வீச்சு வீசினால் வெள்ளிபோல் படியும். செம்போடு வெள்ளீயம் சேர்ந்து இடையில் ஒரு மெல்லிய கலவைப் படை உண்டாகிவிடுவதால்தான் அது உரிந்து வராமல் நிற்கிறது. உணவுக்கு அதனால் கெடுதி இல்லை.

கெடுதி வருவது வெள்ளீயத்தின் இடத்தில் காரீயம் புகும்போது. வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு, உருகிப் பூசிய பின் இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம். வானொலி திருத்தப் பயன்படும் பழைய ஈயக்கம்பியில் ஐந்தில் இரண்டு பங்கு காரீயம். அது உணவோடு போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கிடாரத்துக்கோ சட்டிக்கோ ஈயம் பூசக் கொடுக்கும்போது, பூசுபவரிடம் கட்டியை வாங்கிப் பாருங்கள். சுத்தமான வெள்ளீயக் கோலைக் காதருகே வைத்து வளைத்தால் மெல்லிய முறுகல் சத்தம் கேட்கும்; காரீயம் சத்தமில்லாமல் வளையும். காரீயத்தை வெள்ளைக் கடதாசியில் இழுத்தால் பென்சில்போல் கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்தால், அல்லது சத்தம் இல்லாவிட்டால், பாத்திரத்தை அந்தக் கட்டிக்குக் கொடுக்காதீர்கள்.